பீரோக்காரரின் நெஞ்சு

வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் தூக்கியே ஆயுசைக் கழித்தவர் அவர். இரும்பு பீரோவை ஒற்றை ஆளாக மூன்றாவது மாடிக்கு ஏற்றியவர் என்று 'பீரோக்காரர்' என்ற பேர் ஒட்டிக்கொண்டது. உண்மையில் கீழே ஒருத்தர் முட்டுக் கொடுத்திருந்தார். அதைப் பற்றி இவர் மூச்சு விட்டதில்லை.

மனைவி போன பிறகு வீட்டில் பேச ஆளில்லை. வயிறு சரியில்லை, முதுகு பிடித்துக்கொண்டது என்று ஏதாவது சாக்குச் சொல்லி டாக்டரம்மாவிடம் போய் உட்கார்ந்துவிடுவார். மாத்திரையில் தீருகிற நோயில்லை என்று டாக்டரம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

"உங்க மககிட்ட ஒரு பொய் சொல்லப் போறேன். நீங்க குறுக்க பேசக் கூடாது," என்றார். உடனே போனைப் போட்டு, "அப்பாவுக்கு இதயம் பலவீனமா இருக்கு, தனியா விடாதீங்க" என்று சொல்லிவிட்டார்.

மகள் அலறியடித்துக்கொண்டு வந்து அழைத்துப் போனாள். உப்பில்லாத சாப்பாடு, சத்தமில்லாத டிவி. பேத்தி ஓடி வந்தால், "தாத்தா மேல ஏறாதே!" என்று மகள் பாய்ந்து பிடித்துவிடுவாள். பீரோ தூக்கிய கைக்கு ஒரு குழந்தையைத் தூக்கக் கொடுத்துவைக்கவில்லை. தன் வீட்டில் தனியாக இருந்தபோதுகூட அவர் மனசு இப்படிக் கிடந்து தவித்ததில்லை.

அடுத்த முறை டாக்டரம்மாவிடம் போனபோது, மகளும் பேத்தியும் வெளியே காத்திருக்க, அவர் மட்டும் உள்ளே போனார்.

"கொஞ்சம் தேறிட்டேன்னு சொல்லிடுங்களேன் டாக்டர். புள்ளைய ஒரு தடவை தூக்கிக்கிறேன்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "உங்களப் பாத்துக்கணும்னு உங்க மக பாதி நாள்தான் வேலைக்குப் போறாங்களாமே. எனக்கு உறுத்துதுங்க. உண்மையவே சொல்லிடறேன், கூப்பிடட்டுமா?"

"உண்மை தெரிஞ்சா திருப்பி அனுப்பிடுவாம்மா."

"அனுப்பலாம். வெச்சுக்கவும் செய்யலாம். கேட்டாத்தானே தெரியும்?"

"வேணாம்மா. நானே சொல்லிக்கிறேன்," என்று எழுந்துவிட்டார்.

வெளியே மகள் களைத்துப்போய் நின்றிருந்தாள். "என்னப்பா சொன்னாங்க? தேறிட்டீங்களா?"

அக்கறையில் கேட்டாளா, திருப்பி அனுப்ப நினைத்துக் கேட்டாளா என்று அவருக்குப் பிடிபடவில்லை. அதற்குள் பேத்தி இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு எதிரே வந்து நின்றாள். அவர் குனியத்தான் போனார். கை தன்னால் நெஞ்சுக்குப் போய்விட்டது.

"அப்படியேதாம்மா இருக்கு."

இந்த முறை மகள் அதட்ட வேண்டியிருக்கவில்லை. பேத்தி தானாகவே கைகளை இறக்கிக்கொண்டாள்.