அக்கா அலமாரிக்குக் காவல்

பேரன் வாங்கிய புது மேசையில் பாலிஷ் வாசம் வந்ததும், சூலியா தெருச் சந்தில் இருந்த ஆசாரிப் பட்டறைக்குள் மறுபடியும் சின்னப் பெண்ணாய்ப் போய்விட்டேன். அக்காவின் கல்யாண அலமாரிக்கு அப்பா வாங்கிக் கொடுத்த தேக்கை ஆசாரி மட்டமான மரத்துக்கு மாற்றிவிடுவாரோ என்று அம்மாவுக்குச் சந்தேகம். பாலிஷ் ஏறிவிட்டால் எந்த மரமும் தேக்குதானே என்று, என்னைத் தினமும் அங்கே காவலுக்கு உட்காரவைத்தாள். இழைப்புளி சீறச் சீறச் சுருளாய் விழுந்த சீவலுக்கு நடுவே இருந்தேன். என் கண்ணைத் தப்பி ஒரு சிராய்கூட வெளியே போனதில்லை.

அலமாரி முடிந்ததும், அம்மா உள்ளே தலையை நுழைத்து, பாலிஷ் போடாத பின்பலகையை முகர்ந்து பார்த்தாள். "நம்ம மரந்தான்."

ஆசாரி ஒரு சின்ன முக்காலியை நீட்டினார். "மிஞ்சுன துண்டுல பண்ணேன் அக்கா. பிள்ளை தரையிலயே உக்காந்துகிட்டு இருந்துச்சு லா."

வாங்கிக்கொண்டு தெருவுக்கு வந்ததும், அம்மா என் காதைத் திருகினாள்.

"இம்புட்டு மரத்தை எங்கடி ஒளிச்சு வெச்சிருந்தான்?"