வீரலட்சுமியின் கோணல் விரல்

ஒன்பது வருடம் ஐதராபாத், பூனா, கோலாலம்பூர் என்று அனிமேஷன் வேலை பார்த்துவிட்டுப் போடிக்குத் திரும்பிய சூர்யகலாவுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. ஏலக்காய் எடுக்கும் பெண்களைப் பற்றி ஒரு தொண்டு நிறுவனம் மூன்று நிமிடப் படம் கேட்டதும், மறுநாள் காலையே தோட்டத்து ஜீப்பில் ஏறிவிட்டாள்.

மலைமேல் தோட்டத்தில் வீரலட்சுமியைப் பார்த்தாள். என்றைக்கோ ஜீப்புக் கதவில் நசுங்கி, இடக்கை நடுவிரல் கோணிப்போனவள். இலையை மணிக்கட்டால் ஒதுக்கி, கட்டைவிரலையும் மோதிரவிரலையும் சேர்த்துக் காயைக் கிள்ளுவாள். வேறு யாரும் அப்படி எடுப்பதில்லை. சூர்யகலா பக்கத்தில் குத்தவைத்து, கையிலிருந்த டேப்லெட்டில் இரண்டு நாள் அதையே வரைந்தாள்.

“விரல நேராக்கிப்புடாத ஆத்தா. அது கோணலா இருந்தாத்தான் நான்னு எனக்கே தெரியும்” என்றாள் வீரலட்சுமி. மாற்றமாட்டேன் என்று சூர்யகலா வாக்குக் கொடுத்தாள்.

படத்தில் நாற்பது ஏலச்செடிகள். ஒன்றை வரைந்து, மற்றவற்றை இணைந்த நகல்களாக வைத்திருந்தாள். ஒன்றில் இலையைத் திருத்தினால் நாற்பதிலும் திருந்தும். ஒப்படைக்கும் நாளன்று, படத்தில் இன்னும் ஐந்து பெண்கள் வேண்டும் என்றார்கள் நிறுவனத்தார். வீரலட்சுமியின் உருவத்தைத் தனி நகல் எடுத்திருக்க வேண்டும். செடிகளுக்குப் பழகிய கை இணைந்த நகலையே எடுத்தது. புதியவர்களில் ஒருத்தியின் விரலை நிமிர்த்தி, எல்லாரையும்போல் கிள்ள வைத்தாள். ஐந்து பேரும் ஒருசேர மாறியபோது வேலை மிச்சம் என்றுதான் நினைத்தாள். அசல் வீரலட்சுமியும் கூடவே மாறியதைக் கவனிக்கவில்லை. சேலைகளுக்கு வெவ்வேறு நிறம் கொடுத்து, ஓட்டிப் பார்க்காமலே அனுப்பிவிட்டாள். டேப்லெட்டில் வரைந்ததையே படமாக்கியிருந்ததால், பழைய வரைவு வேறெங்கும் இல்லை.

மலையடிவாரத்துக் குரங்கணி ஊரில் படம் போட்டார்கள். வீரலட்சுமி இரண்டு தரம் பார்த்தாள்.

“எல்லாரும் நல்லா எடுக்குறாக. இதுல நான் எங்க ஆத்தா?”

சூர்யகலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. சிவப்புச் சேலையைக் காட்டினாள். வீரலட்சுமி தலையாட்டிவிட்டு, கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

மறுவாரம் சூர்யகலா தோட்டத்துக்குப் போய் நடந்ததைச் சொல்லி, மறுபடி வரைய அனுமதி கேட்டாள். வீரலட்சுமி கோபப்படவில்லை. செடியடியில் உட்கார்ந்தாள். ஆனால் மணிக்கட்டு இலையை ஒதுக்கவில்லை. கோணல் விரலையும் சேர்த்து, மற்றவர்களைப்போல் எடுக்கப் பார்த்தாள்.

“பழையபடி எடுங்கக்கா.”

“படத்துல எடுக்குறதுதான சரி? இத்தன வருசம் தப்பாவே எடுத்திருக்கேன், ஒருத்தரும் சொல்லல.”

தப்பில்லை என்று சூர்யகலா எவ்வளவோ சொன்னாள். வீரலட்சுமி சிரித்துக்கொண்டே, நிமிராத விரலை நிமிர்த்தி நிமிர்த்திக் கிள்ளினாள். பிடியில் நிற்காமல் காய்கள் மண்ணில் உதிர்ந்தன. சூர்யகலா டேப்லெட்டைக் கீழே வைத்துவிட்டு, அவற்றைப் பொறுக்கி அவள் இடுப்புப் பையில் போட ஆரம்பித்தாள்.