ஏழாவது இலக்கம்

நம்பாதவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகலாம், எனக்குக் கோபம் இல்லை. இது என் கண்முன்னால் நடந்தது. அதுவும் ராத்திரியில் இல்லை... மண்டையைப் பிளக்கும் மத்தியான வெயிலில்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் அருவருப்பு பிடித்த ஆள். அடுத்தவர் வாய் வைத்த டம்ளரைத் தொடமாட்டேன். சோற்றில் ஒரு முடி கிடந்தால் அன்றைக்குப் பட்டினிதான். இதற்காகவே ரூமில் தனியாக இருக்கிறேன், நானே சமைத்துக்கொள்கிறேன். நண்பர்கள் கேலி செய்வார்கள். செய்யட்டும்.

பெரம்பலூரில் ஒரு லாரி ஆபீசில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. முதலாளி பேர் தங்கராசு. அவருடைய லாரிகள் அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றுகின்றன. ஒவ்வொரு லாரியிலும் ஒரு ஜிபிஎஸ் பெட்டி உண்டு. லாரி நிற்கும் இடத்தை அது இரண்டு எண்களாக அனுப்பும். எண்ணைப் பார்த்தால் முதலாளிக்கு எரிச்சல் வரும். ஊர் பேர், தெருப் பேர்தான் வேண்டும் அவருக்கு. அதனால் ஒரு சின்ன புரோகிராம் எழுதினேன். அது அந்த எண்களை ஒரு மேப் கம்பெனியின் ஏபிஐக்கு அனுப்பும், அங்கிருந்து முகவரி தமிழில் திரும்பி வரும். வேலை இவ்வளவுதான்.

போன சித்திரையில் ஒரு பிரச்சினை கிளம்பியது. கொளஞ்சியப்பன் ஓட்டும் பழைய லாரி தினமும் மத்தியானம் ஒரே இடத்தில் நின்றது. டீசலை உறிஞ்சி விற்கிறான் என்று முதலாளி முடிவு கட்டிவிட்டார்.

“எந்த வூட்டு வாசல்ல நிறுத்துறான்னு அட்ரஸ் எடு முத்தமிழு. சாவிய வாங்கிட்டு போலீஸ்ல வுட்டுடுறேன்.”

திருட்டுப் பட்டம் விழுந்தால் இந்தப் பக்கத்தில் வேறு எவரும் கொளஞ்சியப்பனுக்குச் சாவி கொடுக்க மாட்டார்கள். ஐம்பது வயதுக்கு மேல் மனிதர் எங்கே போவார்? தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

“நான் நிறுத்தல தம்பி. அதுவா நிக்குது” என்றார். பீடிகூடக் குடிக்காத ஆள் அவர்.

எண்களை ஏபிஐக்கு அனுப்பினேன். பதில் வந்தது.

வைரக்கண்ணு வூடு, மேலத்தெரு.

படித்துவிட்டு மறுபடியும் படித்தேன். வீடு என்று இல்லை. வூடு என்று இருந்தது. நாம் வாயால் சொல்வதுதான் அது. மேப்பில் யார் அப்படி எழுதுவார்கள்?

முதலாளியிடம் உடனே சொல்லவில்லை. ஒரு மனிதனின் பிழைப்பு இதில் இருக்கிறது, நேரில் பார்த்துவிடலாம் என்று மறுநாள் கொளஞ்சியப்பனோடு லாரியில் ஏறினேன்.

அரியலூரைத் தாண்டி ஒரு சுரங்கம். பேர் சொல்ல மாட்டேன். அதன் ஓரத்தில் ஒரு பெரிய காலி இடம். வெள்ளை வெளேர் என்று சுண்ணாம்புப் புழுதி. தெருவும் இல்லை, வீடும் இல்லை, ஒரு செங்கல்கூட இல்லை. சரியாக அதன் நடுவில் என்ஜின் அணைந்தது. கொளஞ்சியப்பனின் இரண்டு கையும் ஸ்டியரிங் மேல்தான் இருந்தன. சாவியை யாரும் தொடவில்லை.

“இனி அரை மணி நேரம் ஆவும் தம்பி. நீங்க சாப்புடுங்க” என்றார் சாதாரணமாக.

தயிர்சாத டப்பாவைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு கையில் போன், அதில் என் புரோகிராம். அப்போதுதான் உறைத்தது. வேகமாக வேலை நடக்கட்டும் என்று, புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம் போதும் என்று புரோகிராமில் வெட்டியிருந்தேன். மூன்று இலக்கம் என்றால் நூறு மீட்டர் முன்னே பின்னே இருக்கும். அதனால்தான் தப்பான வீட்டைக் காட்டுகிறது. நிம்மதியாக இருந்தது. நான்காவது இலக்கத்தைச் சேர்த்தேன்.

வைரக்கண்ணு வூடு, கொல்லப்பக்கம்.

ஒரு வாய் சோறு. ஐந்தாவது இலக்கம். இப்போது ஒரு மீட்டர்தான் வித்தியாசம்.

வைரக்கண்ணு வூட்டுக் கிணத்தடி.

நாற்றம் வந்தது. செத்த எலி ஊறிய தண்ணீர் நாற்றம். கேபினுக்குள்ளே... என் மடியிலிருந்து.

“எப்பவும் இந்த நாத்தம் வருமா?”

“வரும். மூக்க மூடிக்குங்க.”

வாயில் ஏதோ தட்டுப்பட்டது. விரலைவிட்டு இழுத்தேன்.

முடி.

சோறு நான் வடித்தது, நான் பிசைந்தது. என் தலையில் இருப்பதோ ஒட்ட வெட்டிய முடி. இது இழுக்க இழுக்க வந்தது. முழ நீளம்... அதற்கும் மேலே... நுனியில் பச்சையாகப் பாசி.

குமட்டியது. கண்ணில் தண்ணீர். அந்த நேரத்தில் என் கட்டைவிரல் ஆறாவது இலக்கத்தை அழுத்திவிட்டது.

கிணத்துக்குள்ள.

அப்போது கீழே...

டொக்.

கல்லில் கல் தட்டும் சத்தம்.

டொக்... டொக்...

லாரிக்கு அடியிலிருந்து.

டப்பாவை ஜன்னல் வழியே வீசினேன். கதவிலேயே வாந்தி எடுத்தேன். என்ஜின் தானாகக் கிளம்பியது. கொளஞ்சியப்பன் திரும்பிப் பார்க்காமல் ஓட்டினார்.

ஆபீசுக்கு வந்தபோது முதலாளி பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விரலெல்லாம் எண்ணெய், வாயோரம் ஒரு பருக்கை. எலும்பை உறிஞ்சும் சத்தம் வாசல்வரை கேட்டது. வாசலிலேயே நின்று சொன்னேன்.

“அங்க டீசல் வாங்க ஆளே இல்லைங்க. வெறும் பொட்டல். மேப்ல மட்டும் வைரக்கண்ணு வூடுன்னு வருது.”

உறிஞ்சும் சத்தம் நின்றது. எலும்பை இலையில் வைத்தார்.

“அந்தக் கிணத்தப் பத்தி வேற யாருகிட்டயாவது சொன்னியா?”

கிணறு என்ற வார்த்தையை நான் சொல்லவே இல்லை.

அதன் பிறகு டீசல் திருட்டைப் பற்றி அவர் ஒரு பேச்சும் எடுக்கவில்லை. கொளஞ்சியப்பனின் வேலை தப்பியது. ஆனால் அவராகவே சாவியை மேஜையில் வைத்துவிட்டு, சிறுவாச்சூர்க்காரர் ஒருவரிடம் வேலைக்குப் போய்விட்டார். நானும் வேலையை விட்டேன். அந்த எண்ணெய் விரல்களிடமிருந்து சம்பளக் கவர் வாங்க எனக்குக் கை வரவில்லை.

ஒரு மாதம் கழித்து, சுரங்கத்துக்குப் போகும் ரோட்டில் டீக்கடை வைத்திருக்கும் மலர்கொடி அக்காவிடம் கேட்டேன். சுரங்கம் வருவதற்கு முன் அங்கே இருந்த ஊரில் பிறந்தவர்.

“வைரக்கண்ணு வூடா? பெரியவரு முன்னாடியே தவறிட்டாரு. மருமவ பஞ்சவர்ணம் மட்டும் இருந்தா. எல்லாரும் சொரங்கத்துக்கு எடத்த எழுதிக் குடுத்தாங்க, அவ மாட்டேன்னுட்டா. ஒரு நாள் ஆளக் காணும். எவன்கூடயோ ஓடிட்டான்னு பேசிக்கிட்டாங்க.”

“கிணறு?”

“மறுநாளே தூத்துட்டாங்க தம்பி. தங்கராசுதான் கல்லு கொட்டுனாரு. அப்ப அவருக்கு ஒரே லாரி, அவரே ஓட்டுவாரு. இந்த கொளஞ்சியப்பன் ஓட்டுனாரே, அதே வண்டிதான்.”

டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

லாரியில் போன அன்றைய எண்களும் புரோகிராமும் என் போனில் இன்னும் இருந்தன. பெட்டி அனுப்புவது ஏழு இலக்கம். ஏழாவதை நான் போட்டுப் பார்க்கவே இல்லை. அது ஒரு விரல் அகலம்தான். அந்த அளவுக்கு எந்த மேப்பிலும் முகவரி கிடையாது. ரோட்டோரம் நின்று அதையும் சேர்த்து அனுப்பினேன்.

பதில் வந்தது.

பஞ்சவர்ணம் வாயி. உள்ள கல்லு கெடக்கு.