முழங்கால் உயரத்துக்கு ஒரு வாசல்கட்டை

எங்கள் வீட்டில் சிலிண்டர் மாற்றுகிற நாளில் நான் உள்ளே நிற்பதில்லை. இன்று காலையும் அப்படித்தான். என் மனைவி ரெகுலேட்டரைக் கழற்றியதும் உஸ்ஸென்று ஒரு சின்ன மூச்சு வந்தது. அந்த மூச்சோடு, அழுகிய முட்டைக்கோஸ் மாதிரி ஒரு வாசனை. செருப்பைக்கூட மாட்டாமல் மாடிப்படிக்கு வந்துவிட்டேன். "ஒரு வாஷருக்குப் பயந்து ஓடுற ஆம்பள இந்த பில்டிங்ல ஒருத்தர்தான் இருக்காரு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. நான் படியில் உட்கார்ந்து இசக்கி அக்காவை நினைத்துக்கொண்டிருந்தேன். உங்களிடமும் சொல்லிவிடுகிறேன். தனியாக நினைத்துக்கொண்டிருப்பதற்கு இது தேவலை.

நான் பிறவியிலேயே பயந்தவன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். பரீட்சைக்குப் பயந்து விட்டான் என்று அம்மா சொல்வாள். அப்பாவுக்குக் கால் முடியாமல் போனதால் வேலைக்குப் போனேன் என்று நான் சொல்வேன். இரண்டும் உண்மை. தாராவியில் ஒரு கிரில் பட்டறையில் சேர்ந்து வெல்டிங் கற்றேன். பிறகு கொத்து வேலை, தகரம் போடும் வேலை என்று நகர்ந்து, சின்னச் சின்ன அறைகள் கட்டித் தருகிறவன் ஆனேன். பயந்தவன் கட்டுகிற அறைக்கு ஒரு மவுசு உண்டு. ஒரு போல்ட் போதும் என்கிற இடத்தில் இரண்டு போடுவேன். தகரம் பறந்துவிட்டதாகக் கனவு கண்டால், விடிந்ததும் போய் ஏறிப் பார்த்துவிட்டு வருவேன். கட்டிக் கொடுத்த வீட்டுக்காரர்கள் முதலில் சிரிப்பார்கள். பிறகு டீ கொடுப்பார்கள்.

அந்தக் காலத்தில் இசக்கி அக்கா எங்கள் சந்திலேயே இருந்தாள். பரதநாட்டியம் ஆடுகிற பிள்ளைகளுக்கு நெற்றிச்சுட்டி, ராக்கொடி, ஜிமிக்கி செய்வாள். மாட்டுங்காவில் நாட்டியம் சொல்லிக் கொடுக்கிற அம்மாமார்கள் அவளிடம்தான் வருவார்கள். தாராவிக்குள் வர யோசிக்கிறவர்கள்கூட அவளுக்காக மூக்கைப் பொத்திக்கொண்டு வருவார்கள். வீட்டுக்கு மேலே தகரக் கூரைக்கும் தலைக்கும் நடுவே ஒரு பரண். அங்கே குனிந்தபடி உட்கார்ந்து, செம்புத் தகட்டை வெட்டி, வெண்காரம் தடவி, கேஸ் டார்ச்சால் பற்றவைப்பாள். வெண்காரம் பொரிகிற வாசனையும் கீழே கொதிக்கிற குழம்பு வாசனையும் சேர்ந்து சந்தில் இறங்கும். என் மூக்கில் அது இன்னும் இருக்கிறது.

ஊரே மூழ்கிய பெருமழை ஒன்று வந்ததே, நினைவிருக்கும். அன்று சாமான்களைப் பரணில் விட்டிருந்தால் தப்பியிருக்கும். கூரை ஒழுகுகிறது என்று அதற்கு முந்தின நாள்தான் எல்லாவற்றையும் கீழே இறக்கி வைத்திருந்தாள். நகை அச்சுகள் இருந்த அச்சுப் பெட்டியை மட்டும் தலையில் தூக்கிக்கொண்டு கழுத்தளவு தண்ணீரில் நின்றாள். நகையில் பதிக்கிற கல் தட்டுகள் போய்விட்டன. தண்ணீர் வடிந்த பிறகு சந்து முழுக்க சேற்றில் சிவப்பும் பச்சையுமாக மினுங்கியது. பிள்ளைகள் பொறுக்கிக்கொண்டு ஓடினார்கள். அக்கா சேற்றில் உட்கார்ந்து, "ஏ பிள்ளைகளா, அக்கா கல்லுல்லா அது, குடுத்துருங்க" என்று கெஞ்சியதைப் பார்த்தவர்கள் யாரும் மறக்கவில்லை. வீட்டுச் சுவரில் தண்ணீர் நின்ற கோட்டை அவள் அழிக்கவே விடவில்லை. சுண்ணாம்பு அடிக்கப் போனால், "அது கெடக்கட்டும்ல, எனக்குப் பாத்துக்கிட்டே இருக்கணும்" என்பாள்.

அதற்குப் பிறகுதான் அவள் புருஷன் செல்லத்துரை அண்ணாச்சிக்கு விக்ரோலியில் நல்ல வேலை அமைந்து, செம்பூரில் ஒரு பழைய காலனியில் தரைத்தள வீட்டுக்குப் போனார்கள். அந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம். ஒரு கறிவேப்பிலைச் செடி, ஒரு துணி துவைக்கும் கல், அதைத் தாண்டி மதில், மதிலுக்கு அந்தப் பக்கம் சாக்கடை. பம்பாயில் வீட்டுக்குப் பின்னால் மண் இருப்பதே பெரிய விஷயம். அக்கா என்னைக் கூப்பிட்டனுப்பினாள்.

"ஏல, இங்ஙன எனக்கு ஒரு பட்டறை வேணும். நான் நிமிந்து உக்காரணும். அவ்வளவுதான்."

படம் வரைய எனக்குத் தெரியாது. சுண்ணாம்புக் கட்டியால் மண்ணிலேயே கோடு போட்டேன். அக்கா கோட்டுக்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். வலது கையை நீட்டினாள். அந்த எட்டில் டார்ச். இடது கை எட்டில் தண்ணீர்த் தட்டு. முன்னால் தகடு தட்டுகிற அடைகல். முதுகுக்குப் பின்னால் அச்சுப் பெட்டி. எழுந்திருக்காமல் எல்லாம் கைக்கு வரவேண்டும். அவள் உடம்பைச் சுற்றி அறையைத் தைத்தேன் என்று சொல்லலாம். தையல்காரன் அளவெடுப்பது போலத்தான் இருந்தது. அண்ணாச்சி பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "எலேய், நீ பட்டறை கட்டுதியா, உங்க அக்காவுக்கு ரவிக்கை தைக்கியா?"

தரையில்தான் உட்காருவேன் என்பதில் அவள் உறுதியாக இருந்தாள். மேசை நாற்காலி போட்டுத் தருகிறேன் என்றால் கேட்கவில்லை. அதைவிட உறுதியாக இருந்தது வாசல்கட்டையில். தாராவியில் எல்லோருமே வைப்பதுதான். மழைத் தண்ணீர் உள்ளே வராமல் வாசலில் சிமெண்டால் ஒரு குட்டைச் சுவர் எழுப்பி, அதைத் தாண்டி உள்ளே போவோம். சாண் உயரம் போதும்.

"சாண் உசரமா?" என்றாள் அக்கா. தன் முழங்காலைத் தட்டிக் காட்டினாள். "இம்புட்டு வை."

"யக்கா, தாண்டிப் போகும்போது சேலை தட்டிரும்."

"தட்டட்டும். தண்ணி தட்டாம இருந்தாச் சரி."

எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது. பயத்தில் எனக்கு ஒரு ஜோடி கிடைத்துவிட்ட மாதிரி. இருவரும் சேர்ந்து தண்ணீர் வரக்கூடிய வழிகளை ஒவ்வொன்றாக அடைத்தோம். கை கழுவும் மூலையில் விட்டிருந்த ஓட்டையைச் சிமெண்ட் வைத்துப் பூசினேன். சாக்கடை பொங்கினால் அந்த வழியாக ஏறிவரும் அல்லவா? சுவரும் தரையும் சேருகிற இடத்தில் இரட்டைப் பூச்சு. புகை மேலே போகிற வஸ்து, அதற்காகக் கூரையை ஒட்டி ஒரு ஜன்னல், ஒரு ஃபேன். சிலிண்டரை வெளியே வைக்கலாமா என்று யோசித்தோம். "வெளிய வச்சா விடியுமுன்ன தூக்கிட்டுப் போயிருவானுவ" என்றார் அண்ணாச்சி. நியாயம்தான். உள்ளே மூலையில் வைத்தோம்.

முதல் மழைக்காலத்தில் கொல்லை நிறையத் தண்ணீர் நின்றது. துவைக்கும் கல் முங்கியது. பட்டறை மட்டும் தோணி மாதிரி நின்றது. உள்ளே ஒரு சொட்டு இல்லை. அக்கா வாசல்கட்டையில் உட்கார்ந்து, வெளியே தண்ணீரில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு டீ குடித்தாள். அக்கம்பக்கத்தார் வந்து பார்த்தார்கள். எனக்கு அந்தக் காலனியிலேயே இன்னும் இரண்டு இடத்தில் வேலை கிடைத்தது.

செம்பூரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த ஊரில் நாற்றத்தை யாரும் மதிப்பதில்லை. கிழக்குக் காற்று அடித்தால் ஒரு வாடை, மழைக்கு முன்னால் ஒரு வாடை, சாக்கடை தூர்வாரினால் ஒன்று. ஜன்னலைச் சாத்திவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். எங்கிருந்து வருகிறது என்று கேட்கிறவன் ஊருக்குப் புதுசு.

அடுத்த மழைக்காலம் தொடங்கியபோது அக்கா தலைவலி என்று சொல்ல ஆரம்பித்தாள். "உக்காந்தா மண்ட இடிக்கி. எந்திச்சு நின்னா ஒண்ணுமில்ல." அண்ணாச்சி விடவில்லை. "வேலைன்னு உக்காந்தா எல்லாருக்கும் இடிக்கத்தான் செய்யும். எனக்கு விக்ரோலி ஸ்டேஷன் வந்தாலே இடிக்கி." நான் போயிருந்த ஒரு நாள், உள்ளே காலை வைத்ததும் ஏதோ வாடை என்றேன். "சாக்கடைதாம்ல" என்றாள். மதிலுக்கு அந்தப் பக்கம் சாக்கடை இருப்பது எனக்கும் தெரியும். அன்று நான் கவலைப்பட்டது, சாக்கடை பொங்கி மதில் ஊறி விழுந்துவிடுமோ என்றுதான். மதிலைப் போய்த் தட்டிப் பார்த்தேன். இன்னொரு நாள் மூலையில் எறும்புகள் செத்துக் கிடந்தன. மருந்து போட்டீர்களா என்று கேட்டேன். "நான் எங்க போட்டேன், தானாச் செத்துருக்கு" என்றாள். தானாகச் செத்த எறும்பு நல்லதுதானே என்று இருவரும் விட்டுவிட்டோம்.

ஆடி மாதம் தாராவியில் எங்கள் அம்மன் கோயில் கொடைத் திருவிழா. அக்கா அங்கே போய்த் தங்கிவிட்டாள். பட்டறை பூட்டிக் கிடந்தது. மேல் ஜன்னலையும் சாரல் அடிக்குமென்று சாத்தியிருந்தார்கள். விடாத மழை. எனக்குத் தகரத்தின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. அவள் திரும்பிய அன்று காலை ஏணியோடு போய்விட்டேன்.

நான் கூரைமேல் குப்புறப் படுத்து, இரண்டு தகரம் சேருகிற இடத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தேன். மழை கொஞ்சம் விட்டிருந்தது. கீழே அக்கா பூட்டைத் திறக்கிற சத்தம். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசல்கட்டையைத் தாண்டினாள். கொடையின் மஞ்சள் இன்னும் அவள் முகத்தில் இருந்தது. தகர இடுக்கு வழியாக உள்ளே தெரிந்தது.

"யக்கா, தண்ணி வந்திருக்கான்னு பாருங்க."

"ஒரு பொட்டு இல்லல. பயந்தாங்கொள்ளி, எறங்கி வா. கொடைப் பொங்கல் இருக்கு."

அலமாரியின் உயரத்தில் அம்மன் படம். எம்பி நின்று தீக்குச்சி கிழித்து விளக்கேற்றினாள். ஒன்றும் ஆகவில்லை. அதை நான் எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். உயரத்தில் ஒன்றும் ஆகவில்லை. கும்பிட்டாள். பிறகு உட்கார்ந்தாள். லைட்டரை எடுத்தாள்.

தரை நீலமாக ஆனது. பெரிய சத்தமில்லை, ஈரத்துணியை உதறினால் வருமே, அதுபோல ஒன்று. நான் மேலிருந்து பார்த்தபோது அறைக்குள் தண்ணீர் வந்துவிட்டது என்றே ஒரு நொடி நினைத்தேன். அப்படித்தான் பரவியது, மூலைக்கு மூலை, சுவரில் மோதித் திரும்பி. அக்கா எழுந்திருக்கத் தரையில் கையை ஊன்றினாள். வாசலுக்கு ஓடிவந்தவள் கட்டையில் இடறி, பாதி உடம்பு உள்ளேயும் பாதி வெளியேயும் விழுந்தாள். அண்ணாச்சி வந்து அக்குளில் கை கொடுத்து இழுத்தார். நான் கூரையிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. கொல்லையில் தேங்கியிருந்த மழைத் தண்ணீரை இருவரும் அள்ளி அள்ளி அவள்மேல் ஊற்றினோம்.

பிறகு வந்த தீயணைப்புக்காரர் டார்ச் ரப்பர்க் குழாயை வளைத்துக் காட்டினார். எலி பல் பட்ட ஒரு கீறல். அறையைச் சுற்றிப் பார்த்தார். வாசல்கட்டையைக் காலால் தட்டினார். "யே கம்ரா நஹி ஹை பாயி, டாங்கி ஹை" என்றார். அறை இல்லையாம், தொட்டியாம். இந்த கேஸ் மேலே போகாதாம். தண்ணீர் மாதிரி தரையில் இறங்கித் தேங்குமாம். ஒரு ஓட்டை இருந்திருந்தால் தானாக வெளியே போயிருக்குமாம். அந்த ஓட்டையை எப்படிப் பூசினேன் என்று எனக்குத் தெரியும். விரலால் அழுத்தி அழுத்திப் பூசினேன்.

அவர் போனபின் அண்ணாச்சி சுவரைக் காட்டினார். நாலு சுவரிலும் கருப்பாக ஒரு கோடு, வாசல்கட்டை உயரத்துக்கு.

"எலேய், தண்ணி வந்தா இம்புட்டுத்தான வரும்னு பயந்தோம்?"

அவர் கேலி பேசுகிறவர். அன்று அதில் கேலி இல்லை.

அக்கா பிழைத்தாள். அதைச் சொல்லாமல் இவ்வளவு நேரம் இழுத்துவிட்டேன், மன்னியுங்கள். பாதங்கள் ஆறின. வலது கை விரல்கள் ஆறும்போதே மடங்கி ஒட்டிக்கொண்டன. கல் எடுக்கிற சாமணம் பிடிக்க முடியாது. தாலிச் சரட்டைத் தொட்டுக் கும்பிடக்கூட இடது கைதான். வாசல்கட்டையை நான் போய்ச் சம்மட்டியால் உடைத்தேன். நல்ல கட்டு, சுலபத்தில் உடையவில்லை. அதன்பின் அந்த அறையில் சைக்கிளும் பழைய துணியும் கிடந்தன.

இப்போது அறையும் இல்லை, காலனியும் இல்லை. ரீடெவலப்மெண்டுக்குப் போய்விட்டது. சுற்றிலும் நீலத் தகரம் அடித்திருக்கிறார்கள். ஒரு இடுக்கு வழியாகப் பார்த்தேன். பெரிய பள்ளம், அதில் பச்சைத் தண்ணீர். கறிவேப்பிலைச் செடி எங்கே நின்றது, துவைக்கும் கல் எங்கே கிடந்தது என்று சொல்ல ஒரு அடையாளமும் இல்லை. செம்பூரில் தரையை ஒட்டிக் குடியிருக்கிற வீடுகளே குறைந்துவிட்டன. கீழே எல்லாம் கார் நிற்கிறது, மனிதர்கள் உயரத்தில் இருக்கிறார்கள்.

அக்காவும் அண்ணாச்சியும் இப்போது வாஷியில் வாடகைக்கு இருக்கிறார்கள். போன வாரம் போயிருந்தேன். வரப்போகிற டவரில் அவர்களுக்குக் கிடைக்கிற வீட்டின் படத்தை பில்டர் ஆபீசில் கொடுத்திருந்தார்கள். வழவழவென்று கலர் தாள். கட்டில், சோபா, தொட்டிச் செடி எல்லாம் போட்டிருந்தான். எந்த அறையின் கதவும் முழுசாகத் திறக்கிற மாதிரி, எல்லா ஜன்னலிலும் வெளிச்சம். அக்கா அதை மடங்கிய கையால் என் பக்கம் தள்ளினாள்.

"ஏல, நல்லாப் பாரு. இதுல நான் எதுக்குப் பயப்படணும்?"

கேலிக்குக் கேட்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அண்ணாச்சிகூட டி.வி. சத்தத்தைக் குறைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வாசல், சமையலறை, பால்கனி, குளியலறைக்குப் பின்னால் குழாய்கள் போகிற சந்து. விரலை வைத்து ஒவ்வொரு சுவராகப் போனேன். தெருவில் குல்பிக்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். அவர்கள் இருவரும் காத்திருந்தார்கள்.

பயப்பட எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. ஓட்டையைப் பூசிய அன்றும் தோன்றவில்லை.