வெறும் எண்ணெய்

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் காரைக்குடிக் கல்லூரி ஒன்றில் வேதியியல் ஆய்வுக்கூட டெமான்ஸ்ட்ரேட்டர். படித்த திமிர் எனக்குக் கொஞ்சம் அதிகம். கல்லல் பக்கத்திலிருந்து ஓர் ஆச்சி வந்து நின்றபோதும் அது குறைவில்லாமல் இருந்தது.

ஆச்சி கூந்தல் தைலம் காய்ச்சி விற்பவர். தேங்காய் எண்ணெயில் கறிவேப்பிலையும் கரிசலாங்கண்ணியும் போட்டது. மெட்ராஸில் ஓர் அழகுசாதனக் கடை வாங்கத் தயாராக இருந்தது. ஆனால் இலைச்சத்து எண்ணெயைக் கெடாமல் காக்கிறது என்று ஆய்வுக்கூடச் சீட்டு கேட்டார்கள். சீட்டு இல்லையென்றால் ஆர்டர் இல்லை. கூட வேலை செய்யும் மூன்று பெண்களையும் நிறுத்தியாக வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க வெறும் எண்ணெயும் ஒரு புட்டி கேட்டு வாங்கினேன்.

எண்ணெய் சீக்கிரம் கெடட்டும் என்று இரண்டு பழுப்புப் புட்டிகளையும் அப்படியே சூட்டுப் பெட்டியில் மூன்று வாரம் வைத்தேன். கெட்டுப்போன எண்ணெய், பொட்டாசியம் அயோடைடிலிருந்து அயோடினை வெளியே தள்ளும். அதில் ஸ்டார்ச் கஞ்சி விட்டால் நீலமாகும். பியூரெட் குழாயிலிருந்து ஹைப்போ கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டால் நீலம் மறையும். எவ்வளவு ஹைப்போ இறங்குகிறதோ அவ்வளவு கெட்டிருக்கிறது. எத்தனையோ முறை பார்த்தும், ஒரே சொட்டில் அத்தனை நீலமும் காணாமல் போகும்போது எனக்கு மூச்சு நின்றுவிடும்.

இரண்டு எண்ணெய்க்கும் சில சொட்டுகளே இறங்கின. பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை.

"உங்க இலையால ஒரு பிரயோசனமும் இல்ல ஆச்சி. வெறும் எண்ணெயும் அப்படியேதான் இருக்கு."

ஆச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "புட்டியவாச்சும் குடுங்க டீச்சர்" என்றார். வெறும் எண்ணெய்ப் புட்டியில் மிச்சம் இருந்ததைப் பீக்கரில் கவிழ்த்தேன். கடைசியில் நாலு மிளகு உருண்டு விழுந்தன.

"வெறும் எண்ணெய்னு சொன்னீக?" என்றேன்.

"வெறும் எண்ணெய்தான். மிளகு போடாம யாரு எண்ணெய வைப்பாக? சிக்கு வாடை வந்துராது?"

அப்படியானால் நான் ஒப்பிட்டதே தப்பு. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பின்னாலேயே வெட்கமும் வந்தது. எங்கள் வீட்டு எண்ணெய்த் தூக்கிலும் அம்மா மிளகு போடுவாள். எனக்குத்தான் கேட்கத் தோன்றவில்லை.

மறுபடி தொடங்கினோம். வெறும் எண்ணெய், மிளகு போட்ட எண்ணெய், மிளகே படாத தைலம். ஆச்சி மனசே இல்லாமல்தான் கொடுத்தார். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால், வெறும் எண்ணெய்க்கு ஹைப்போ இறங்கிக்கொண்டே இருந்தது. மிளகு எண்ணெய்க்குக் கொஞ்சம்தான். தைலத்துக்கு நாலே சொட்டு! நம்பாமல் திரும்பவும் செய்தேன். அதே நாலு. காய்ச்சி, வடிகட்டி, சக்கையைக் குப்பையில் கொட்டிய பிறகும் அந்த இலை எண்ணெய்க்குள் காவல் நின்றிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அதை என் கை அளந்துவிட்டது.

சீட்டு கொடுத்தேன். ஆர்டரும் வந்தது. முதல் அண்டா தைலம் காய்ச்சிய அன்று ஆச்சி கூப்பிட்டு அனுப்பினார். மூன்று பெண்களும் தைலத்தை வடிகட்டிக்கொண்டிருந்தார்கள். ஆச்சி ஒரு கைப்பிடி மிளகை அள்ளி அதில் போட்டார்.

"இலையே போதும்னுதான் சீட்டுலயே எழுதியாச்சே ஆச்சி?"

"கடைக்காரருக்குச் சீட்டு போதும் டீச்சர். எனக்குத் தூக்கம் வரணும்ல?"