மூலை சேராத கோழி வீடு

தளவானூரிலிருந்து செஞ்சிக்குப் போகக் காலை டவுன் பஸ்தான் தோது. பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. கூட்டம்தான். ஒரு பெண் எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள். கொடுக்காவிட்டால் கேட்டிருப்பேன்.

போன காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். என் தம்பி மகன் ஏழுமலை செஞ்சியில் கொத்தனார். அவன் மகள் யாழினி, சிங்கவரம் சாலையில் உள்ள ஸ்டைனர் முறைப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அங்கே பாடப்புத்தகம் இல்லை, பரீட்சை இல்லை. கையால் செய்து படிக்கிறார்கள். மகளை வேறு பள்ளிக்கு மாற்ற வேண்டும் என்கிறான் இவன். கூடாது என்கிறாள் இவன் மனைவி. அத்தை பார்த்துச் சொல்லட்டும் என்று, பருவத்தின் கடைசி நாளுக்கு என்னை வரச் சொன்னார்கள். எங்கள் குடும்பத்தில் நான் சொன்ன பிறகு பேச்சு கிடையாது.

பஸ் ஸ்டாண்டில் ஏழுமலை பைக்கோடு நின்றான். டீ பன்னிரண்டு ரூபாய், டம்ளர் சின்னது.

"சாப்டியா அத்தே?"

"ஆச்சு. புள்ள இன்னா தப்பு பண்ணிச்சு?"

"புள்ள பண்ணல, பள்ளிக்கூடம்தான் பண்ணுது. இந்தப் பருவம் பூரா மண்ணு மிதிச்சி, கல்லு அறுத்து, செவுரு கட்டுறாங்களாம். நான் வெயில்ல நிக்கிறது எதுக்கு? என் பொண்ணு கையிலயும் சாந்துக் கரண்டியா?"

பார்க்காமல் நான் எதையும் சொல்வதில்லை.

பைக்கில் கால் மணி நேரம் ஆகவில்லை. இடது பக்கம் கோட்டை மலை, வலது பக்கம் மல்லாட்டைக் கொல்லை, வேர்க்கடலையைத்தான் சொல்கிறேன். பள்ளி என்பது வேப்பமரத்தடியில் ஓட்டுக் கொட்டகைகள். வாசலில் ராஜி டீச்சர் நின்று, வரும் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் கை கொடுத்து உள்ளே அனுப்பினாள். தினமும் அப்படித்தானாம். எனக்கும் கை நீட்டினாள். நானும் குலுக்கினேன்.

பிள்ளைகள் குழல் ஊதினார்கள், பாடினார்கள். பிறகு கொட்டகைக்குப் பின்னால் கூட்டிப் போனார்கள். அங்கே சுடாத மண் கல்லால் கோழிக்கு என்று கட்டிய வீடு. நாலு சுவரும் நாலு நீளம். ஒரு மூலையில் நாய் நுழையும் அளவுக்குச் சந்து.

ஏழுமலை சிரித்துவிட்டான். "இன்னா டீச்சர், இது கோழிக்கா நரிக்கா?"

"ஒரு செவுரு ஆறு முழம்னு சொன்னேன் சார். அவங்கவங்க கையால அளந்து கட்டினாங்க."

"தெரிஞ்சே வுட்டீங்களா?"

"ஆமா சார். மூணு நாள் சண்ட. அப்புறம் எல்லாத்துக்கும் ஒரே கை வேணும்னு அவங்களே முடிவு பண்ணாங்க."

அப்பால் இரண்டாவது வீடு இருந்தது. மூலைகள் சேர்ந்திருந்தன. கூரை இல்லை. சுவரில் ஒரு மூங்கில் குச்சி சாய்ந்திருந்தது. அதுதான் அவர்கள் முழம்.

"யார் கையி இது?" என்றான்.

"உன் கையிதான் நைனா," என்றாள் யாழினி. "ஞாயித்துக்கெழம நீ தூங்கினியே, அப்ப கயிறு வச்சி அளந்தேன்."

"ஏன், டீச்சருக்குக் கை இல்லியா?"

"யாரு வூட்ல நெசமா செவுரு கட்டுறாங்கன்னு கேட்டாங்க. நான் மட்டுந்தான் கை தூக்கினேன்."

அவன் குச்சியை எடுத்தான். முழங்கையில் ஒரு முனையை வைத்தான். மறுமுனை நடுவிரல் நுனியில் வந்து நின்றது. திருப்பிச் சாய்த்து வைத்தான். குனிந்து ஒரு கண்ணை மூடிச் சுவரோரம் பார்த்தான். வீட்டைச் சுற்றி வந்தான். வேறு பள்ளிக்கு மாற்ற வேண்டும் என்றவன் மாற்றுச் சான்றிதழ் கேட்கவில்லை.

"கூரை எப்போ டீச்சர்?"

"அடுத்த பருவம் வயல் பாடம் சார். நாத்து நடப் போறோம்."

"அதுக்குள்ள மழ வந்துட்டா? மண்ணு கல்லு, கரஞ்சிடும். ஞாயித்துக்கெழம வரேன். புள்ளைங்க இருக்கட்டும்."

"நடவுக்கு யாழினி சேத்துல எறங்கணும், பரவால்லியா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் மலையைப் பார்த்தேன். "எறங்கட்டும்," என்றான்.

பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடும்போது, "ஒண்ணுமே சொல்லலியே அத்தே," என்றான்.

"நீ கேக்கலியே."

திரும்பும் பஸ்ஸில் எங்கள் ஊர்க் குகைக் கோயில் நினைவுக்கு வந்தது. ஒரே பாறையில் குடைந்தது. மூலை சேருமா என்ற கவலை அதைக் குடைந்தவர்களுக்கு இருந்திருக்காது. செஞ்சியில் பிள்ளைகள் கல் கல்லாக வைத்துத்தான் சேர்க்க வேண்டியிருக்கிறது.

ஊர் நெருங்கும்போது ஏழுமலை மனைவிக்குப் போன் போட்டேன். "புள்ள அங்கியே படிக்கட்டும்மா. நான் முடிவு பண்ணிட்டேன்," என்றேன்.