சந்தனம் பூசிய பேட்டரி

காலை மணி பத்து இருபத்திரண்டு. ஏல அறையின் மூன்று மின்விசிறிகளும் வேகம் குறைந்து ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. மைக்கில் விலை கூவிக்கொண்டிருந்த மேனேஜரின் குரல் பாதியில் அறுந்தது. கரன்ட் போவது போடியில் புதிதல்ல என்பதால் வியாபாரிகள் மடியில் இருந்த மாதிரி ஏலக்காய்களை நசுக்கி முகர்ந்தபடி காத்திருந்தார்கள்.

அடுத்து வாசனை வந்தது. பாயசம் கொதிக்கும் வீட்டு வாசனை. ஏலக்காய் கம்பெனியில் ஏலக்காய் மணப்பதை யார் கவனிப்பார்கள்? வாசலோரம் உட்கார்ந்திருந்த கம்பத்துப் பாய்தான் முதலில் எழுந்தார். எல்லா ஏலத்துக்கும் வருகிற பழைய வியாபாரி அவர். "தீயுதப்பா," என்றார்.

நானும் எட்டிப் பார்த்தேன். முன்படிக்கட்டின் அடியில் காயிலிருந்து தூசியை ஊதிப் பிரிக்கும் புளோயர் அறை. அதன் கதவிடுக்கிலிருந்து சாம்பல் நிறப் புகை வெளியே வந்து, தரையில் தங்காமல், நேராகப் படிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தது. புகைபோக்கியில் ஏறுவதுபோல் ஏறியது.

மூன்றாம் மாடியில் காய் பொறுக்கும் பெண்கள் நாற்பது பேர் இருந்தார்கள். அதில் ஒருத்தி என் அக்கா.

அப்போது ஏலம் கம்ப்யூட்டருக்குப் போகவில்லை. நான் ஒரு நாளிதழின் போடி நிருபர். அன்றாட விலை நிலவரம் எழுத அந்தக் கம்பெனிக்குப் போவேன். அக்கா அங்கே பொறுக்குவது வசதியாக இருந்தது. ஏல அறை மைக் எல்லா மாடிக்கும் கேட்கும். நான் தாமதமாகப் போன நாள்களில் அன்றைய உச்ச விலையை அவளிடமே கேட்டு எழுதியிருக்கிறேன்.

மாடிகளுக்கு மைக் வைத்தது ஏலத்துக்காக அல்ல. தீ பிடித்தால் மேலே இருப்பவர்களுக்கு எந்த வழியாக இறங்குவது என்று சொல்ல வேண்டும் என்பது இன்சூரன்ஸ்காரர்களின் நிபந்தனை. ஆம்ப்ளிஃபையரை ஏல அறையின் மூலையில் கனத்த இரும்புப் பெட்டிக்குள் வைத்தார்கள், தீ சட்டென்று அண்டாதிருக்க. ஒயர்களை இரும்புக் குழாயில் கொண்டுபோனார்கள். பெட்டியின் கீழ்த்தட்டில் லாரி பேட்டரி அளவில் ஒரு பேட்டரி. கரன்ட் போனாலும் அரை மணி நேரம் குரல் போகாது. மின்விசிறி நிற்கலாம், அந்த மைக் நிற்கக் கூடாது. நின்றபோது அது என் மண்டையில் உறைக்கவில்லை.

மேனேஜர் மைக்கைத் தட்டினார். ஊதினார். ஒன்றுமில்லை. வெளியே ஓடிய சுமைக்காரர்கள் தெருவில் நின்று மேலே பார்த்துக் கத்தினார்கள். வெயில் பட்டால் காயின் பச்சை வெளுத்துவிடும் என்று மூன்றாம் மாடி சன்னல்களைத் தகரம் அடித்து மூடியிருந்தார்கள். கத்தியது போய்ச் சேரவில்லை. முன்படியில் ஏறப்போன ஒருவர் ஏழெட்டுப் படியிலேயே இருமிக்கொண்டு திரும்பினார். பின்பக்கம் இரும்புப் படி உண்டு. அதன் கதவுக்குத் தாழ்ப்பாள் உள்ளே. மேலே இருப்பவர்கள்தான் திறக்க வேண்டும். அவர்களுக்கோ முன்படிதான் பழக்கம். செருப்பை அதன் மேல்படியில்தான் கழற்றிவிடுவார்கள். புகை எட்டியதும் எல்லோரும் முன்படிக்குத்தான் ஓடுவார்கள், புகைக்குள்ளேயே இறங்குவார்கள் என்பது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. நோட்டுப் புத்தகத்தை எங்கே போட்டேன் என்று நினைவில்லை.

மேனேஜர் இரும்புப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஆம்ப்ளிஃபையரில் ஒரு விளக்கும் எரியவில்லை. கீழ்த்தட்டில் வாடிய செவ்வந்தி மாலை பேட்டரியை மூடிக் கிடந்தது. இரண்டு நாள் முன்னால் ஆயுத பூஜை. மேனேஜர் மாலையைப் பிடுங்கி எறிந்தார். பேட்டரியின் இரண்டு முனைகளிலும் சந்தனம், நடுவில் குங்குமம். கம்பி இல்லை.

"கம்பி எங்க? கம்பியக் காணோம்யா! எலக்ட்ரீசியன் எங்க?"

"தேவதானப்பட்டிக்குப் போயிருக்காரு. நாளைக்குத்தான் வருவாரு," என்று யாரோ சொன்னார்கள்.

நான் மண்டியிட்டு, பேட்டரிக்குப் பின்னால் இருந்த சந்தில் கையை விட்டேன். பார்க்காமலே விட்டேன். சிவப்புக் கம்பியும் கறுப்புக் கம்பியும் கையில் வந்தன.

அங்கே அவற்றைத் தள்ளியது நான்தான். பூஜையன்று எலக்ட்ரீசியன் பேட்டரியைத் துடைப்பதற்காகக் கம்பிகளைக் கழற்றித் தொங்கவிட்டிருந்தார். ஆயுதம் எல்லாம் ஓய்வெடுக்கும் நாள், மறுநாள் மாட்டினால் போதும் என்றார். தராசு, சல்லடை, குத்தூசி, மைக் பெட்டி என்று எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்திருந்தார்கள். திறந்த இரும்புப் பெட்டியும் மாலை போட்ட பேட்டரியும் புதுமையான படமாக எனக்குப் பட்டது. தொங்கிய கம்பிகள் மட்டும் இடைஞ்சல். இரண்டையும் பின்னால் தள்ளிவிட்டு எடுத்தேன். சாயங்காலமே ஃபிலிம் சுருளைக் கவரில் போட்டு மதுரை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினேன். விஜயதசமியன்று கரன்ட் இருந்தது, மைக் பேசியது. பேட்டரியை யாரும் நினைக்கவில்லை.

கம்பிகளை முனைகளில் மாட்டினேன். விளக்கு எரியவில்லை. மறுபடி அழுத்தினேன். எரியவில்லை. காய்ந்த சந்தனம் ஓடு மாதிரி முனையைச் சுற்றி இறுகியிருந்தது.

"சொரண்டுங்க தம்பி, சொரண்டுங்க," என்று பாய் குத்தூசியை நீட்டினார். மூட்டையில் குத்தி மாதிரி எடுக்கும் கூர் இரும்பு. சுரண்டினேன். வியர்வையில் அது வழுக்கி இடது உள்ளங்கையில் இறங்கியது. வலி தெரியவில்லை. ஈயத்தின் வெளுப்பு தெரிந்ததும் மாட்டினேன். பச்சை விளக்கு எரிந்தது. சுவர்க் கடிகாரத்தில் பத்து முப்பத்தொன்று.

மேனேஜர் மைக்கை வாயருகே கொண்டுபோனார். பல வருஷப் பழக்கம் அவர் வாயில் முந்திக்கொண்டது. "அன்பார்ந்த வியாபாரப் பெருமக்களே..." என்று தொடங்கினார்.

"யோவ், அவுகளுக்கு ஏலமா விடுறீரு!" என்று பாய் கத்தினார்.

மேனேஜர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினேன்.

"அக்கா! தீப்பிடிச்சிருக்கு! முன்படிக்கு வராதீக! பின்னாடி இரும்புப் படியில எறங்குங்க! தாழ்ப்பாளத் தொறந்து எறங்குங்க! அக்கா, செருப்பத் தேடாத, அக்கா!"

எத்தனை முறை சொன்னேன் என்று தெரியாது. அறையில் புகை கண்ணை மறைத்ததும் பாய் என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

கட்டடத்தின் பின்னால் போனோம். இரும்புப் படி அதிர்ந்துகொண்டிருந்தது. முந்தானையை வாயில் பொத்தியபடி பெண்கள் வெறுங்காலோடு இறங்கினார்கள். எண்ணினேன். முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. அதன்பின் படி அசையவில்லை. மேலே திறந்த கதவு இருட்டாக இருந்தது. அதிலிருந்து புகை மெதுவாக வெளியே வந்தது. கடைசியாக இறங்கிய பெண்ணிடம் அக்காவைப் பற்றிக் கேட்டேன்.

"எனக்குப் பின்னாடிதான் வந்தாக. திரும்பிப் போனாகளோ என்னமோ," என்றாள்.

படியில் கால் வைத்தேன். பாய் என் கையைப் பிடித்தார். உதறினேன். நாலு படி ஏறியிருப்பேன். அக்கா கதவில் தெரிந்தாள். ஒரு கையால் கம்பியைத் தடவிக்கொண்டு, கண்ணைத் திறக்க முடியாமல், இருமிக்கொண்டே வந்தாள். இன்னொரு கையில் பண்டிகைக்கு எடுத்த புதுச் செருப்பு.

கீழே வந்து மண்ணில் உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் இருமினாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏலே, மைக்ல அப்படியா கத்துவ? அத்தனை பொம்பளையும் தன்னையத்தான் கூப்பிடுறான்னு எந்திரிச்சிட்டாளுக. அந்த மேனேஜரு வணக்கம் வச்சப்ப ஒருத்தி அசையல. ஏலந்தான், வாசனையும் காய் வாசனைதான்னு கரன்ட்டுக்காக இருட்டுல உக்காந்திருந்தோம்."

"செருப்ப எடுக்காதேன்னேனே."

"அது கேட்டதும்தான் செருப்பு ஞாபகமே வந்துச்சு," என்றாள். சிரிக்கப் பார்த்து மறுபடி இருமினாள். அப்போதுதான் என் உள்ளங்கை வலிக்க ஆரம்பித்தது.

தீயணைப்பு வண்டி வந்து அணைத்தது. புளோயரும் சில மூட்டைகளும் போயின. பன்னிரண்டு மணிவாக்கில் எதிர்ச்சாரி டீக்கடை பெஞ்சில் நான், பாய், மேனேஜர் மூவரும் உட்கார்ந்திருந்தோம். மேனேஜர் கடைப் போனில் எலக்ட்ரீசியனிடம் பேசி முடித்திருந்தார்.

"நேத்து வந்து பாத்தப்ப கம்பி தொங்கலையாம். அதனால வேற யாரோ மாட்டிட்டாகன்னு நெனச்சானாம். நல்ல கதை. நாளைலேர்ந்து வராதன்னுட்டேன்."

டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தேன். பாய் துணி சுற்றிய என் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, கம்பி அங்கன கெடக்குன்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

பதில் சொல்வதற்குள் பேப்பர் கட்டு வந்தது. பூஜை விடுமுறை முடிந்த முதல் நாள், மதுரைக் கட்டு தாமதம். டீக்கடைக்காரர் ஒரு பிரதியை உதறி எங்கள் நடுவில் போட்டார். நான்காம் பக்கத்தில், மூன்று பத்தி அகலத்தில், ஆயுத பூஜைப் படம். இரும்புப் பெட்டி, மாலை, பேட்டரியின் இரண்டு முனைகளிலும் சந்தனப் பொட்டு. கம்பிகள் எங்கும் தெரியவில்லை. அடியில் சின்ன எழுத்தில், 'படம்: நமது நிருபர்.'